அமரத்தில் நிற்பவரின் குரல்

பத்து ஆண்டுகளாக ஒரு மத்ரஸாவில் தலைமை ஆசிரியனாகப் பணியாற்றி வருகிறேன். என்னுடன் ஆறு உஸ்தாதுகளும் இரு சமையற்காரர்களும் இருக்கின்றனர். விடுதியில் நாற்பது மாணவர்கள் தங்கி ஓதுகின்றனர். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் ஆதலால், மன்னர்களின் சினத்தால் சரிந்த ஆட்சிகளைப் பற்றி மாணவர்களுக்குச் சுவையாக எடுத்துரைப்பேன். என் சினத்தைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. யாரும் சொல்லாததையே நற்சான்றாக எண்ணியிருந்தேன்.

பணிச்சுமை கூடும்போது சில பழக்கங்கள் என்னிடம் தலைதூக்கும். குரல் உயரும். கையிலுள்ள பிரம்பு மேசையைத் தட்டும். பகல் உணவைத் தள்ளிவைத்துவிட்டுத் தேநீர் மேல் தேநீராகக் குடிப்பேன். பிறரிடம் ஒப்படைத்த வேலையைப் பாதியில் பிடுங்கி நானே செய்வேன். இவற்றுக்கெல்லாம் 'பொறுப்புணர்ச்சி' என்று நானே பெயரும் சூட்டியிருந்தேன்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை எங்கள் பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை புரண்டது. அதற்கு முந்தைய நாள்தான் இளம் உஸ்தாத் ஒருவர் என் அறைக்கு வந்து, பின்கட்டு வடிகால் அடைத்திருப்பதாகச் சொல்லத் தொடங்கினார். கணக்குப் புத்தகத்தில் மூழ்கியிருந்த நான், "இதைக்கூட நான்தான் வந்து பார்க்க வேண்டுமா?" என்று இரைந்தேன். அவர் தலைகுனிந்து வெளியேறினார்.

மறுநாள் இரவு பத்து வயது மாணவன் ஒருவன், கிதாபுகளும் அரிசி மூட்டைகளும் இருந்த பின்னறைக்குள் நீர் நுழைவதைக் கண்டிருக்கிறான். என் அறை வாசல்வரை வந்தும் இருக்கிறான். அப்போது நான் தொலைபேசியில் யாரிடமோ உரத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அவன் திரும்பிப் போய்விட்டான். நள்ளிரவில் நான் அறிந்தபோது அறைக்குள் முழங்காலளவு நீர் நின்றது. எங்கள் பழைய கிதாபுகளில் பாதிக்கு மேல் ஊறிப் போயிருந்தன. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகளுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்க கோவமா இருந்தீங்க, ஹஜ்ரத்."

அவன் குற்றம் சாட்டவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னான். அந்த அறையில் கிதாபுகளுக்குப் பதில் ஒரு குழந்தை உறங்கியிருந்தால்? அந்தக் கேள்வி பல இரவுகள் என்னை உறங்கவிடவில்லை.

அதே இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்பால் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் வெள்ளத்தில் அரித்துச் செல்லப்பட்டிருந்தன. நிலைய அதிகாரி ஜாபர் அலி அவர்கள் ரயிலை மேலே செல்லவிடவில்லை. ஏறத்தாழ 800 பயணிகளின் உயிர் தப்பியது. இச்செய்தியைப் பின்னர் படித்தபோது என்னை எண்ணி வெட்கினேன். அங்கே ஆபத்தின் செய்தி உரிய நேரத்தில் உரியவரை அடைந்தது. இங்கே என் வாசல்வரை வந்த செய்தி, என் குரலைக் கேட்டுத் திரும்பிச் சென்றது.

சில வாரங்களுக்குப் பின் நண்பர் ஒருவரைக் காணப் புன்னக்காயல் சென்றிருந்தேன். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த பரதவ மக்களின் ஊர் அது. 1586இல் 'அடியார் வரலாறு' என்னும் தமிழ் நூல் அச்சேறியது இங்கேதான் என்பர். அதைப் பார்க்கும் ஆவலும் எனக்கு உண்டு; ஆனால் அன்று நான் கற்றது வேறு பாடம்.

முகத்துவாரத்தின் கரையில், கடலில் முதிர்ந்த பெரியவர் ஒருவருடன் அமர்ந்திருந்தோம். ஆற்று வாயில் மணல் அடிக்கடி இடம் மாறித் திட்டாகச் சேரும். உள்ளே நுழையும் வள்ளத்தின் முன்பக்கமாகிய அணியத்தில் ஒருவர் நின்று நீரைப் பார்த்துக் குரல் கொடுக்க, பின்பக்கமாகிய அமரத்தில் இருப்பவர் அதைக் கேட்டுச் செலுத்துவார். என் நண்பர் எங்கள் வெள்ளக் கதையைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார்.

"அசரத்து, அமரத்துல நிக்கிறவன் சும்மா சும்மா கத்துனா, அணியத்துல நிக்கிற பொடியன் வாயை மூடிக்கிடுவான். பொறவு திட்டுல ஏறுனதுக்கப்புறந்தான் நமக்குத் தெரியும். கடல்ல கோவம் வரத்தான் செய்யும். அது அணியம்வரைக்கும் கேக்கப்படாது, பாத்துக்கிடுங்க."

ஊர் திரும்பும் வழியெல்லாம், எத்தனையோ முறை பாடம் நடத்திய ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம் என் நெஞ்சில் நின்றது. உஹதுப் போரில் வில்வீரர்கள் பலர் தம் இடத்தைவிட்டு அகன்றதால் பேரிழப்பு நேர்ந்தது. எழுபது தோழர்கள் ஷஹீதாயினர். அதன் பின்னரும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடின உள்ளம் கொண்டவராக இருந்திருந்தால் மக்கள் சிதறிப் போயிருப்பர் என்று இறைவன் உணர்த்துகிறான். அவர்களை மன்னிக்கவும், காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்கவும் பணிக்கிறான். சிதறுதல் என்றால் எழுந்து போய்விடுவது என்றே நான் பொருள் கொண்டிருந்தேன். எதிரே அமர்ந்துகொண்டே மனத்தால் விலகிப் போவதும் சிதறுதல்தான் என்பதை அந்தச் சிறுவன் கற்பித்தான்.

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும் அந்த இளம் உஸ்தாதிடம் மன்னிப்புக் கேட்டேன். பிரம்பை என் அறையிலிருந்து அகற்றினேன். என் எரிச்சலின் வேர்களில் ஒன்று பசியே என்று கண்டு, லுஹருக்குப் பின் எந்த வேலை இருந்தாலும் உணவு உண்கிறேன். கோபத்தோடு இருக்கும்போது இருவருக்கிடையே தீர்ப்புச் செய்யலாகாது என்பது புகாரியில் இடம்பெற்ற நபிமொழி. அதன்படி, சினம் வந்த வேளையில் யாரைப் பற்றியும் முடிவெடுப்பதில்லை, மறுநாளைக்கு ஒத்திவைக்கிறேன். நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துவிடுகிறேன். இதுவும் நபிகளாரின் அறிவுரையே, அபூதாவூதில் காணலாம்.

இவை அனைத்தையும்விடப் பயன் தந்தது ஒரு கேள்வி. ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பின், "நான் அறிய வேண்டிய கெட்ட செய்தி ஏதேனும் உண்டா?" என்று கேட்கிறேன். முதல் இரு வாரங்கள் அனைவரும் மௌனமாக இருந்தனர். மூன்றாவது வாரம் சமையற்காரர், அரிசியில் வண்டு விழுந்திருப்பதைச் சொன்னார். அவருக்கு நன்றி கூறினேன். அதற்குப் பிறகே மற்றவர்களின் நாவும் அவிழ்ந்தது.

நான் முற்றும் மாறிவிட்டேன் என்று சொன்னால் அது பொய்யாகும். சென்ற மாதமும் ஒருமுறை இரைந்தேன். அன்றே மன்னிப்பும் கேட்டேன். வீட்டில் என் மகளோ, வாப்பாவின் செருப்பொலியை வைத்தே அன்றைய நிலையைச் சொல்லிவிடுவாள். குடும்பத் தலைவர்களாகிய வாசகச் சகோதரர்களே, உங்கள் செருப்பொலி வீட்டில் என்ன செய்கிறது என்று ஒருநாள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

அண்மையில் ஒரு மாலை, அதே சிறுவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஹஜ்ரத், ஹவ்ளுக் குழாய் உடைஞ்சு தண்ணி கொட்டுது! நான்தான் பிடிச்சு இழுத்தேன்."

தான் செய்த தவற்றையும் அவனே சேர்த்துச் சொன்னான். அஞ்சாமல் சொன்னான். இருவரும் சேர்ந்து போய்த் தண்ணீரை அடைத்தோம்.

நம் பொறுப்பில் இருப்போர் நம்மிடம் அஞ்சாமல் உண்மை பேசும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.