மூன்று பட்டியல்கள்

பயணங்களைப் பற்றி எழுதியோர் பலர். பயணத்துக்கு முன்னதான ஆயத்தங்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. புறப்பட்டபின் நிகழ்பவையே சுவையானவை என்றும், புறப்படுமுன் செய்யப்படுபவை வெறும் கணக்குவழக்குகள் என்றும் நாம் எண்ணிக்கொள்வது இதற்குக் காரணமாகலாம். ஆயினும், ஒருவர் தமது பயணத்துக்கெனத் தயாரிக்கும் பட்டியலை ஊன்றி நோக்கின், அவர் எதனை நம்பினார், எதற்கு அஞ்சினார், அவர் வாழ்ந்த காலம் எத்தகையது என்பன யாவும் அதிற் புலப்படும். பருத்தித்துறையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் நாற்பதாண்டு இடைவெளியில் எழுதிய மூன்று பட்டியல்கள் இதற்குச் சான்றாகும். மூன்றும் ஒரே பயணத்துக்குரியவை: மோட்டார் சைக்கிளிற் பருத்தித்துறையிலிருந்து புறப்பட்டு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் ஆகியவற்றைக் கடந்து, கிழக்குக் கரையின் தென்கோடியிலுள்ள உகந்தைமலை முருகன் கோயிலை அடைதல். தூரம் 500 கிலோமீற்றருக்கு மேல்.

முதலாவது பட்டியல் 1983ஆம் ஆண்டு யூன் மாதத்திற் பேராதனையில், மாணவர் விடுதி அறையொன்றில் உருவாயிற்று. அதனை எழுதியவர் இருவர். ஒருவர் புவியியல் பயின்ற பருத்தித்துறை மாணவர். மற்றவர் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற திருக்கோவில் மாணவர். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகக் கரையோரமாகவே நடந்து உகந்தையை அடைவர் என்று திருக்கோவில் நண்பர் ஒருநாட் சொன்னதிலிருந்தே இந்த எண்ணம் முளைத்தது. அவர்கள் வாரக்கணக்காக நடக்கும் வழியைத் தந்தையாரின் 90 சீ.சீ. ஹொண்டாவில் நான்கு நாட்களிற் கடக்கலாம் என்று புவியியல் மாணவர் கணக்கிட்டார். இரண்டு இளைஞர்களையும் அவர்தம் மூட்டைகளையும் அச்சிறு வண்டி அத்தனை தூரம் சுமக்குமா என்ற கேள்வி அக்கணக்கில் இடம்பெறவில்லை.

பருத்தித்துறை முதல் திருகோணமலை வரையான பகுதியை அவரே எழுதினார். நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலத் தேசப்படங்களை நூலகத்தில் விரித்துவைத்து, ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, ஹொரவப்பொத்தானை என ஒவ்வோர் இடத்துக்குமிடையிலான மைல்களையும், பெற்றோல் கிடைக்கும் இடங்களையும், கொண்டுசெல்ல வேண்டிய உதிரிப்பாகங்களையும் வரிசைப்படுத்தினார். பிளக் ஒன்று, ரியூப் இரண்டு, கிளச் கேபிள் ஒன்று, பஞ்சர் ஒட்டும் பசை என அப்பட்டியல் நீளுகிறது.

திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள பகுதியைத் திருக்கோவில் நண்பர் எழுதினார். அவர் தேசப்படத்தைப் பார்க்கவேயில்லை. எட்டுப் பக்கங்களில் அவர் எழுதியவை மைல்கள் அல்ல, மனிதர்கள். கிண்ணியாவில் ஆற்றைக் கடக்க எந்த நேரத்திற் செல்வது நன்று. வெருகலில் எவ்விடத்தில் நீர் அருந்தலாம். புகைவண்டியும் ஏனைய வாகனங்களும் ஒரே பாலத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஓட்டமாவடியில் எவ்வாறு காத்திருத்தல் வேண்டும். 1924ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட கல்லடிப் பாலத்தில் எதிரே பஸ் வந்தால் எங்கே ஒதுங்குவது. அக்கரைப்பற்றில் தம் தந்தையின் நண்பரான முஸ்லிம் வணிகரின் கடை எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்பன அதிலே இடம்பெற்றிருந்தன. திருக்கோவிலுக்கு நேரே, "அம்மா எருமைத் தயிர் வைத்திருப்பா" என்ற ஒரே வரி. சங்கமன்கண்டிக்கு நேரே, யானையைக் கண்டால் ஹோர்ன் அடிக்கவேண்டாம் என்ற எச்சரிக்கை. பாணமைக்கு அப்பால் மணற்பாதை. பின்னால் இருப்பவர் இறங்கி நடத்தல் வேண்டும். அவ்வாறு நடக்க வேண்டியவர் தாமே என்பதை அவர் அடைப்புக்குறிக்குள் நகைச்சுவையாகக் குறித்திருந்தார்.

"பாதையில் ஏறிப் போகவேண்டும்" என்று கிண்ணியாவைப் பற்றி அவர் எழுதியிருந்ததைப் படித்த புவியியல் மாணவருக்கு அது விளங்கவில்லை. பாதையில் எப்படி ஏறுவது? ஆற்றைக் கடக்கும் மிதவையைக் கிழக்கிலே பாதை என்று சொல்வர் என்பது பின்னரே தெரிந்தது. அன்றிரவு நெடுநேரம் ஒரு விவாதம் நடைபெற்றது. தேசப்படம் ஆற்றைக் காட்டும், ஆற்றங்கரையில் யார் இருப்பார் என்பதைக் காட்டாது என்பது தமிழ் மாணவரின் கட்சி. பத்துப்பாட்டிற் பாதிக்குப் பாதி ஆற்றுப்படைகளாய் அமைந்தமைக்கு அதுவே காரணம் என்றும் அவர் சாதித்தார். மலைபடுகடாத்தில், நன்னனிடம் சென்று பரிசில் பெற்ற கூத்தன், செல்லவிருக்கும் கூத்தனுக்கு வழியை மட்டுமா சொல்கிறான்? எவ்வூரில் எவ்வுணவு கிடைக்கும், எவ்விடத்தில் இடர் நேரும், யார் வரவேற்பர் என்பனவற்றையும் அல்லவா சொல்கிறான்? வழி என்பது முன்னே சென்றவன் பின்னே வருபவனுக்குக் கொடுக்கும் வாக்கு என்று அவர் முடித்தார். புவியியல் மாணவர் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் எட்டுப் பக்கங்களையும் தம் பக்கங்களோடு சேர்த்துத் தைத்துக்கொண்டார். முகப்பிலே புறப்படும் நாள் எழுதப்பட்டது: 1983 ஓகஸ்ற் 5.

யூலை இறுதியில் நாடு பற்றியெரிந்தது. நண்பர்களில் ஒருவர் வடக்கேயும் மற்றவர் கிழக்கேயுமாக ஊர் சேர்ந்தனர். ஓகஸ்ற் 5ஆந் திகதி, உயிரோடு இருப்பதைத் தெரிவிக்கும் கடிதத்தை ஒருவருக்கொருவர் எதிர்பார்த்திருந்த நாளாகக் கழிந்தது.

அதன்பின் வந்த ஆண்டுகளைப் பற்றி இங்கே விரிக்கவேண்டியதில்லை. பருத்தித்துறையில் ஆசிரியப் பணியேற்றவர் அந்த ஹொண்டாவை விடாது வைத்திருந்தார். 1990இன் பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில், சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினைச் சூடாக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை ஏனையோரைப் போல அவரும் கற்றார். பாடசாலைக்கும் வீட்டுக்குமிடையே அவ்வண்டி புகை கக்கி ஓடியது. கிளாலிக் கடலை இரவிலே படகிற் கடந்துதான் குடாநாட்டார் வெளியே செல்ல முடிந்த அந்நாட்களில், உகந்தை என்பது தேசப்படத்தில் மாத்திரமே உள்ள இடம் போலாயிற்று.

இரண்டாவது பட்டியல் 2003ஆம் ஆண்டுக்குரியது. முந்திய ஆண்டிற் போர்நிறுத்தம் ஏற்பட்டுக் கண்டி வீதி திறக்கப்பட்டிருந்தது. ஹொண்டாவின் இடத்துக்கு 100 சீ.சீ. இந்திய வண்டியொன்று வந்திருந்தது. இப்பட்டியலில் உறவினர் வீடுகள் இல்லை. ஆற்றங்கரை நேரங்கள் இல்லை. தேசிய அடையாள அட்டை, அதன் பிரதிகள், வண்டியின் பதிவுப் புத்தகம், காப்புறுதிப் பத்திரம், அதிபரின் கடிதம், கிராம அலுவலரின் கடிதம் என்பன முதற்பக்கத்தை நிரப்பின. முகமாலையிலும் ஓமந்தையிலும் இரு தரப்புச் சோதனை நிலையங்களிலும் செலவாகக்கூடிய மணித்தியாலங்கள் மைல்களைப் போலக் கணக்கிடப்பட்டன. வெருகல், வாகரைக் கரையோர வீதி உகந்ததல்ல எனக் கருதி, ஹபரணை, பொலன்னறுவை வழியாக வாழைச்சேனையை அடையும் உள்வழி தெரிவுசெய்யப்பட்டது. எட்டுப் பக்க ஆற்றுப்படையின் முதற்பாதி இவ்வாறு பயனற்றுப் போயிற்று.

குறையொன்றும் இல்லாத பட்டியல் அது. ஒன்றைத் தவிர: அதிலே புறப்படும் நாள் இல்லை. முதலில் விடைத்தாள் திருத்தும் பணி வந்தது. 2004 ஏப்ரிலில் வெருகற் பக்கம் சண்டை என்றார்கள். அது நியாயமான காரணந்தான். ஓகஸ்ற் விடுமுறையில் வண்டியின் செயினை மாற்றவேண்டியிருந்தது, மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை. மார்கழி மழைக்காலம், தைப்பொங்கல் கழியட்டும் என்று தீர்மானமாயிற்று. திருக்கோவிலில் ஆசிரியராயிருந்த நண்பர் தொலைபேசியில் ஒருமுறை சிரித்தார். "றோட்டு திறந்து கிடக்கு மச்சான். நீ இன்னமும் கடதாசியிலதானே ஓடுறாய்."

2004 டிசெம்பர் 26ஆந் திகதி காலையிற் கடல் வந்தது. கடற்கரையை அடுத்திருந்த அந்த வீடும், வீட்டிலிருந்த நண்பரும் இல்லாமற் போயினர். மனைவியும் மகளும் அன்று உள்ளூரில் உறவினர் வீட்டிலே தங்கியிருந்தமையால் உயிர் தப்பினர்.

முதன்முறை பயணத்தைத் தடுத்தது நாட்டின் நிலை. இரண்டாம் முறை தடுத்தவர் யார் என்ற கேள்விக்கு ஆசிரியர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்ட விடை, பல ஆண்டுகள் அவரை உறங்கவிடவில்லை. காலத்தின்மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட முடிந்திருந்தால் அது அவருக்கு ஆறுதலாயிருந்திருக்கும். ஆனால் திறந்திருந்த வீதியில் அவர் செல்லாத நாட்களும் இருந்தன. மேலும் மேலும் திருத்தமாக்கப்பட்ட பட்டியல், புறப்படாதிருப்பதற்கான மிகக் கண்ணியமான சாட்டாக அமைந்துவிட்டது. பட்டியலிடுவதில் வல்லவர்கள் யாவரும் இவ்வாபத்தை அறிந்திருத்தல் நன்று.

2006 ஓகஸ்ற்றில் வீதி மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்தபின் 2009இல் திறந்தது. அதே ஆண்டிற் கிண்ணியாவிலே பாலம் கட்டி முடிந்தது. அவர் எங்கும் செல்லவில்லை. யாரைக் காணச் செல்வது?

மூன்றாவது பட்டியலுக்கு வித்திட்டது 2022ஆம் ஆண்டில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. நண்பரின் மகள் இப்போது அக்கரைப்பற்றில் ஆசிரியை. பேச்சின் நடுவே, அவளுடைய தந்தை கைப்பட எழுதிய எட்டுப் பக்கங்கள் தம்மிடம் இருப்பதாக ஆசிரியர் தற்செயலாகச் சொன்னார். மறுமுனையிற் சிறிது நேரம் சத்தமில்லை.

"அப்பாட எழுத்து எங்களிட்ட ஒரு துண்டும் இல்ல மாமா. எல்லாத்தையும் கடல் கொண்டு போயிற்று."

படம்பிடித்து அனுப்பலாம், அனுப்பினார். தபாலிலும் அனுப்பலாம். ஆனால் அந்தப் பக்கங்கள் செல்லவேண்டிய வழி அவற்றிலேயே எழுதப்பட்டிருக்கும்போது தபாற்பையில் இடுவது எங்ஙனம்? கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது 61.

அவ்வாண்டிலோ எரிபொருள் பங்கீடு நடைமுறையில் இருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் எனக் கொண்டால், சென்று திரும்ப 20 லீற்றருக்கு மேல் வேண்டும். அதாவது ஐந்து வாரப் பங்கு. முன்னர் மண்ணெண்ணெயில் ஓட்டியவருக்கு இக்கணக்கு சிரிப்பைத் தந்தது. வாகன இறக்குமதி 2020இலிருந்து நிறுத்தப்பட்டிருந்தமையாற் புதுவண்டி பற்றிய பேச்சுக்கும் இடமிருக்கவில்லை. பழைய 100 சீ.சீ. வண்டியே கதி. 2023 செப்ரெம்பரிற் பங்கீடு நீங்கியதும், கழுவித் துடைத்த வண்டி முற்றத்தில் நின்றது. இம்முறை செயினைத்தான் முதலில் மாற்றினார்.

"உங்களுக்கு இப்ப என்ன வயசு எண்டு தெரியுமே? பஸ் ஓடுதுதானே" என்றார் மனைவி. அதற்கு நியாயமான மறுமொழி அவரிடம் இல்லை. முதுகுவலி உண்டு, இரவில் எதிர்வரும் வாகனங்களின் ஒளி கண்ணைக் கூசச் செய்வதும் உண்டு. ஆகவே பகலில் மட்டும் ஓடுவது, ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒருமுறை இறங்கி நடப்பது, திருகோணமலையில் ஓரிரவு, மட்டக்களப்பில் ஓரிரவு தங்குவது என்று உடன்பாடாயிற்று. மாரி வெள்ளம் வடிந்தபின், வரட்சி மிகுமுன் செல்லவேண்டும் என அவர் எண்ணினார். பாடசாலை ஒழுங்கைப் பார்த்து நண்பரின் மகள் வைகாசி கடைசியைச் சொன்னாள். சோளகக் காற்று வலப்புறமாக மோதும் காலமாயினும் அவர் மறுக்கவில்லை.

மூன்றாவது பட்டியல் ஒரு பக்கந்தான். அதன் முதல்வரி: 2024 யூன் 8, சனிக்கிழமை, காலை 5 மணி. மற்றவை அதன்பின்னரே எழுதப்பட்டன. மருந்து, மழை அங்கி, ரியூப் ஒன்று. சோதனை நிலையங்களுக்கான பத்தி இல்லை. ஆற்றங்கரை நேரங்களுக்கும் தேவையிருக்கவில்லை. வழியிலிருந்த பாதைகள் பாலங்களாகிவிட்டன. ஆனால் நண்பர் குறித்த மனிதர்களுள் எவர் இருப்பர், எவர் இருக்கமாட்டார் என்பதை எந்தப் பட்டியலிலும் எழுத முடியாது. அதனை வழிநெடுகக் கேட்டுத்தான் அறியவேண்டும்.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, எட்டுப் பக்கங்களுக்கும் பிரதி எடுத்தார். கிண்ணியாவுக்கு நேரே "இப்போது பாலம்" என்றும், கல்லடிக்கு நேரே "2013 முதல் புதுப்பாலம், ஒதுங்கத் தேவையில்லை" என்றும் பிரதியின் ஓரத்தில் எழுதினார். மூலத்தில் ஒரு புள்ளியையும் தொடவில்லை. அதனைப் பொலித்தீன் உறைகள் இரண்டினுள் வைத்து மடித்துச் சட்டைக்குள்ளே வைப்பதா, பையிலே வைப்பதா என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். மனைவி வந்து அதை வாங்கி, சட்டையின் உட்புறத்தில் ஒரு பையைத் தைத்துக் கொடுத்தார்.

முதலாவது பட்டியலின் அந்த எட்டுப் பக்கங்களும் இன்று கிழக்கிலே, எழுதியவரின் மகளிடம் உள்ளன. ஆசிரியரிடம் எஞ்சியிருப்பவை, அவற்றின் பிரதியும், தாம் தனியே எழுதிய பட்டியல்கள் இரண்டுமே.