பாலத்தின் நடுவே பத்து நிமிடம்

ஜூன் 9, திங்கள்

இன்றும் வேலைக்குப் போகவில்லை. காலை எட்டரைக்கே முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன்: "வயிறு சரியில்லை சார், கணக்கை வீட்டிலிருந்தே பார்த்து அனுப்பிவிடுகிறேன்." வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. 'சரிம்மா' என்று அவர் பதில் போட்டதும் தலைச்சுமையை இறக்கி வைத்தது போல இருந்தது. அந்த நிம்மதி பதினொரு மணி வரைகூட நிற்கவில்லை. நாளைக்கு என்ன காரணம் சொல்வது என்ற கவலை அதற்குள் வந்துவிட்டது.

ஸ்ரீரங்கத்திலிருந்து நான் வேலை பார்க்கும் திருச்சி பெரிய கடைவீதிக்கு அரை மணி நேரப் பயணம். நடுவில் காவிரிப் பாலம். 1976-ல் திறந்த பாலம் அது. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பதினாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்பேன்! போன டிசம்பரில் ஒரு மாலை, நான் வந்த ஒன்றாம் நம்பர் பஸ் நெரிசலில் பாலத்து நடுவே நின்றுவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எந்தக் காரணமும் இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல்கள் மரத்தன, தொண்டை அடைத்தது, கண் இருட்டியது. உயிர் போகிறது என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணுமில்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒன்றுமில்லாததுதான் ஆறு மாதமாக என்னைப் படிப்படியாக வீட்டுக்குள் தள்ளியிருக்கிறது. முதலில் கூட்ட நேரத்துப் பஸ்ஸை விட்டேன். பிறகு பஸ்ஸையே விட்டேன். என் கணவர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். இப்போது பைக்கில்கூட பாலம் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன். உறையூரில் இருக்கும் அம்மாவைப் பார்த்து இரண்டு மாதமாகிறது.

ஜூன் 11, புதன்

ஒன்பதாவது படிக்கும் மகள் சாப்பிடும்போது கேட்டாள்: "ஏம்மா எப்பப் பார்த்தாலும் கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கே?"

அப்போதுதான் கவனித்தேன். இடது மணிக்கட்டில் வலது கை விரல்கள். நாடி பார்க்கிறேன். சமைக்கும்போது, டிவி பார்க்கும்போது, கோயில் வரிசையில் நிற்கும்போது, எப்போதும்.

இரவு உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினேன். கைப்பையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. எங்கே போனாலும் கதவோரம்தான் உட்காருகிறேன். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று அவரை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்கிறேன். ராத்திரி இரண்டு மணி வரை போனில் நெஞ்சுவலி, மயக்கம், மாரடைப்பு என்று தேடித் தேடிப் படிக்கிறேன். தூங்காத அலுப்புக்கு மறுநாள் நாலைந்து காபி. அந்தக் காபியில் நெஞ்சு படபடத்தால் மறுபடியும் நாடி.

கடைசி வரியை எழுத மட்டும் கை வரவில்லை. அல்பிரசோலம். மார்ச்சில் ஒரு மருத்துவர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை. பழைய சீட்டைக் காட்டி வாங்கி வாங்கி மூன்று மாதமாகப் போடுகிறேன். முதலில் பாதி, இப்போது ஒன்றரை. வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஜூன் 13, வெள்ளி

நேற்று நள்ளிரவு தாண்டி மறுபடியும் அந்தப் படபடப்பு. அவரை எழுப்ப மனம் வரவில்லை. 14416-க்குப் போன் செய்தேன். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் அது. மகளின் பள்ளிக்கூடச் சுவரொட்டியில் பார்த்த ஞாபகம். தமிழில் ஒரு பெண் பேசினார். அவசரப்படுத்தவில்லை. நான் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார்.

"இதுக்குப் பேர் இருக்கும்மா, வைத்தியமும் இருக்கு. ஆனா அந்த மாத்திரையை நீங்களா ஒரேயடியா நிறுத்திடாதீங்க. மனநல டாக்டரைப் பாருங்க" என்றார்.

பேர் இருக்கிறது என்ற சொல்லே பெரிய ஆறுதலாக இருந்தது. விடிந்ததும் அவரிடம் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். திட்டவில்லை. "எங்கிட்ட ஏன் மறைச்சே?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எனக்கு வந்தது பீதித் தாக்குதல். அது மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் இடங்களை ஒதுக்கி ஒதுக்கி வந்ததுதான் நோயை வளர்த்திருக்கிறது. அல்பிரசோலம் பழக்கமாகிவிடும் மருந்து. பல வாரம் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகும், வலிப்புகூட வரலாம். அதனால் கால் மாத்திரை, கால் மாத்திரையாகக் குறைக்க அட்டவணை போட்டுக் கொடுத்தார். பழக்கமாகாத வேறொரு மருந்து தொடங்கியிருக்கிறார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகுமாம்.

அடுத்த அறையில் உளவியலாளர் மேடம். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "ஒரு நிமிஷம் வேகமா மூச்சை இழுத்து விடுங்க, நாய் இரைக்குற மாதிரி" என்றார். நாற்பது விநாடிகூட ஆகவில்லை. விரல் மரத்தது, உதடு குறுகுறுத்தது, தலை சுற்றியது. பாலத்தில் வந்த அதே அறிகுறிகள்! பயத்தில் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப உங்களுக்கு மாரடைப்பா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மரத்துப் போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். பாலத்தில் காற்று போதவில்லை என்று நினைத்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கினேனே, அந்த மூச்சுதான் அறிகுறிகளைப் பெருக்கியிருக்கிறது. பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அதன்பின் தானாக இறங்கும் என்றார். நான் ஒரு தடவைகூட அது இறங்கும் வரை இருந்து பார்த்ததில்லை. அதற்குள் ஓடிவிடுவேன், அல்லது மாத்திரை போட்டுவிடுவேன். அதனால் நான் பிழைத்தது ஓடியதால்தான், மாத்திரையால்தான் என்று என் மனம் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. கணக்குப் பார்த்தே பிழைக்கும் எனக்கு இந்தத் தப்புக் கணக்கு ஆறு மாதமாகப் பிடிபடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பயந்து ஒதுக்கியவற்றைப் படிப்படியாக எதிர்கொள்ள மேடம் சொன்னபடி ஒரு படிக்கட்டு எழுதியாகிவிட்டது. ஒவ்வொரு படிக்கும் பயம் எவ்வளவு என்று நூற்றுக்கு மதிப்பெண். மாம்பழச்சாலையில் பாலத்து முனையில் நிற்பது, 30. பாதிப் பாலம் நடந்து திரும்புவது, 45. அண்ணா சிலை வரை நடப்பது, 55. அவரோடு பஸ்ஸில், 60. தனியாக, 75. மாலை ஆறு மணிக் கூட்டத்தில் நின்றுகொண்டு தனியாக, 95.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் 1950-களில் வகுத்த வழியிலிருந்து வளர்ந்ததாம் இந்தப் படிக்கட்டு முறை. கிளேர் வீக்ஸ் என்ற ஆஸ்திரேலியப் பெண் மருத்துவரைப் பற்றியும் சொன்னார். இளம் வயதில் அவருக்கே இந்தப் படபடப்பு இருந்ததாம். 1962-ல் வந்த அவருடைய புத்தகம் சொல்வது நாலே நாலு விஷயம்: எதிர்கொள்வது, ஏற்றுக்கொள்வது, மிதப்பது, காலம் கடக்க விடுவது. மூன்றாவதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். ஆற்றுப்பக்கம் பிறந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சுழலில் கைகாலை உதைத்தால் மூழ்குவோம் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஜூன் 28, சனி

மேட்டூர்த் தண்ணீர் வந்து ஆறு ஓடுகிறது. இன்று பாதிப் பாலம் நடந்தேன். அவர் மாம்பழச்சாலை டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். கூட வரக் கூடாது என்பது நிபந்தனை. லாரி போகும்போது பாலம் அதிரும் அல்லவா, அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறியதும் பயம் 70-க்குப் போனது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் புதுப் பாலத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. சாரத்தில் ஒருவர் தொங்கியபடி கம்பி கட்டிக்கொண்டிருந்தார். அவரையே பார்த்தேன். நாலு நிமிடம். ஏழு நிமிடம். பன்னிரண்டாவது நிமிடத்தில் 35. தானாக இறங்கியது. நான் எதுவும் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து மதியம் ஒரு மணி நேரம் தூங்கினேன். அவ்வளவு அலுப்பு.

ஜூலை 9, புதன்

இன்று தோற்றேன். முதல் தடவையாகத் தனியாகப் பஸ் ஏறி, பாலத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். கண்டக்டர், "சத்திரம்தானே டிக்கெட் வாங்கினீங்க?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. இறங்கியதும் அதே பழைய நிம்மதி. இனிக்கத்தான் செய்தது. ஆனால் இந்தத் தடவை அதை அடையாளம் கண்டுகொண்டேன். இந்த இனிப்பைத் தின்றுதான் என் பயம் கொழுத்திருக்கிறது.

மேடத்துக்குப் போன் செய்தேன். "ஒரு படி அதிகமாத் தாண்டிட்டீங்க. இடையில ஒண்ணு சேர்த்துக்குவோம்" என்றார். அவர் குரலில் ஏமாற்றமே இல்லை. கணவர் பைக்கில் பஸ்ஸுக்குப் பின்னால் வருவது, 68. அதைச் சேர்த்துக்கொண்டேன்.

ஜூலை 19, சனி

தனியாக மூன்று தடவை போய் வந்துவிட்டேன். ஜன்னலோரம், கூட்டமில்லாத நேரம். ஆனால் தண்ணீர் பாட்டிலும், பையின் உள்ஜிப்பில் ஒரு மாத்திரையும் கூடவே வந்தன. "அப்ப பாலத்தைத் தாண்டினது நீங்களா, பாட்டிலா?" என்று மேடம் கேட்டார். அந்தக் கேள்வி வலித்தது. இன்று இரண்டையும் வைத்துவிட்டுப் போனேன். பயம் 80. போய்ச் சேர்ந்தேன்.

வீட்டிலும் ஒரு ஒப்பந்தம். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டால் இனி அவர் பதில் சொல்ல மாட்டார். "இப்ப எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்பார். முதல் இரண்டு நாள் எனக்குக் கோபமாக வந்தது. அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆறு மாதம் என்னைத் தாங்கியது அவருடைய அன்பு. அதே அன்பு என் பயத்தையும் சேர்த்துத் தாங்கியது. அதை எங்கள் இருவர் மேலும் குற்றமில்லாமல் பார்க்க இப்போது முடிகிறது.

காபி காலையில் ஒன்றே ஒன்று. போன் இரவு பத்துக்கு அத்தையின் அறைக்குப் போய்விடுகிறது. அட்டவணைப்படி மாத்திரை பாதிக்கு வந்திருக்கிறது. குறைத்த முதல் சில நாட்கள் தூக்கம் கெட்டது, கை லேசாக நடுங்கியது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் மிரளவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடி 18

உறையூர் போய் அம்மாவை நானே அழைத்து வந்தேன். ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் அவளைக் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குக் கூட்டிவருவது வழக்கம். இந்த வருடம் முடியாது என்றுதான் மே மாதம் நினைத்திருந்தேன்.

சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறும்போதே கால் வைக்க இடமில்லை. பூக்கூடை, தாம்பாளம், கைக்குழந்தை. அம்மாவுக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் நின்றேன். அண்ணா சிலை தாண்டிப் பாலம் ஏறியதும் பஸ் ஊர்ந்தது. நடுப்பாலத்தில் நின்றே விட்டது.

டிசம்பர் மாலை அப்படியே திரும்பி வந்தது. அதே கம்பி, அதே புழுக்கம், அதே படபடப்பு. விரல் மரத்தது. 85. இறங்கி நடந்துவிடலாம், கதவு நாலடி தூரத்தில்தான் இருக்கிறது என்று ஒரு குரல். இறங்கலாம்தான். ஆனால் அம்மா மடியில் சித்ரான்னத் தூக்கோடு உட்கார்ந்திருக்கிறாள். வா, வந்து உன் வேலையைப் பார்த்துவிட்டுப் போ என்று பயத்திடம் மனசுக்குள் சொன்னேன். மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இரண்டு கரையும் தொட்டு ஆறு போய்க்கொண்டிருந்தது, பின்னால் மலைக்கோட்டை. மிதந்தேன்.

"என்னடி, முகமெல்லாம் வேர்க்குது?" என்றாள் அம்மா.

"பயமா இருக்கும்மா. கொஞ்ச நேரத்துல போயிடும்."

இதை அம்மாவிடம் சொன்னது இதுவே முதல் தடவை. அவள் எதுவும் கேட்கவில்லை. தூக்கை இடுக்கிக்கொண்டு என் விரலைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நகரும்போது பயம் 40. பாலம் முடிந்தபோது அதைப் பார்க்க மறந்துவிட்டேன்.

அம்மா மண்டபத்தில் காவிரிக்குப் படைத்துவிட்டு அம்மா எனக்கு மஞ்சள் கயிறு கட்டினாள். கழுத்தில் ஒன்று, "இதுவும் இருக்கட்டும்" என்று இடது மணிக்கட்டில் ஒன்று.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று காலை காரணமே இல்லாமல் 60. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருந்ததால் அழுகை வந்தது. பிறகு மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது: பயம் வராமலிருப்பது குணமல்ல, வந்தாலும் நம் வேலை நிற்காமலிருப்பதுதான் குணம்.

இத்தனை நாளும் மனசு அமைதியான பிறகு பாலம் ஏறலாம் என்று காத்திருந்தேன். அந்த அமைதி எதிர்க்கரையில்தான் இருக்கிறது. நடுங்கிக்கொண்டேதான் போக வேண்டும். இதைப் படிக்க நேரும் யாராவது என்னைப் போல ஒரு பாலத்தின் முன்னே நின்றுகொண்டிருந்தால் ஒன்றே ஒன்று சொல்வேன். தனியாகத் தாண்டப் பார்க்காதீர்கள். யாரிடமாவது சொல்லுங்கள். நான் சொல்லவே ஆறு மாதம் ஆனது. மற்ற எல்லாவற்றுக்கும் ஏழு வாரம்தான்.

ஒன்பது மணிப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வழியில் விரல்கள் பழக்கத்தில் மணிக்கட்டைத் தேடிப் போயின. கயிறு தட்டுப்பட்டது. கையை எடுத்து, கண்டக்டரிடம் சில்லறையை நீட்டினேன்.

"மெயின்கார்டு கேட் ஒண்ணு."