பதிவேட்டில் ஒரு கையெழுத்து

‘பதிவுத் திருமணம்’ என்னும் சொல்லைக் கேட்டதும் நம் மக்களின் மனத்தில் எழும் காட்சி ஒன்றே. பெற்றோர் அறியாமல் வீட்டை விட்டுப் புறப்பட்ட இருவர். சாட்சிக்கு இரண்டு நண்பர்கள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் அவசரமாக மாற்றிக்கொண்ட மாலைகள்! ஆகவேதான், நல்ல குடும்பத்துப் பெண்ணின் திருமணப் பேச்சில் ‘முதலில் பதிவு அலுவலகம்’ என்று யாரேனும் சொன்னால் பெரியவர்களின் முகம் சுருங்கிவிடுகின்றது. இந்த மனச்சுணக்கம் தமிழ்நாட்டோடு நின்றுவிடவில்லை. கடல் கடந்து லண்டன் மாநகர் வரை நம்முடன் வந்திருக்கின்றது என்பதை என் சகோதரி மகளின் திருமணத்தின்போது கண்டேன்.

நம் ஊர்களில் நிக்காஹ் நடந்தேறினால் திருமணம் நிறைவுற்றது. வலீ, இரு சாட்சிகள், மஹர், ஈஜாபு கபூல். பின்பு ஜமாஅத்தின் தஃப்தரில் கையெழுத்து. அந்த நிக்காஹ்வை இந்தியச் சட்டமும் திருமணமாகவே ஏற்கின்றது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது உண்மையே. ஆயினும் அப்பதிவு, ஏற்கெனவே நடந்த திருமணத்துக்கு ஒரு சான்று மட்டுமே.

இங்கிலாந்தின் நிலை வேறு. 1753ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, யூதரும் குவேக்கர் பிரிவினரும் நீங்கலாக ஏனையோர் யாவரும் ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆலயத்தில்தான் மணம் முடிக்க வேண்டியிருந்தது. அந்நெருக்கடியைத் தளர்த்தியது 1836ஆம் ஆண்டுச் சட்டம். அது 1837இல் நடைமுறைக்கு வந்தபோது, எச்சமயத்தாரும் அரசுப் பதிவாளர் முன்னிலையில் மணம் முடிக்க வழி பிறந்தது. இன்று அங்குள்ள சில பள்ளிவாசல்கள் திருமணம் நடத்துவதற்கென அரசிடம் முறைப்படி பதிவு பெற்றுள்ளன. முன்னறிவிப்பு முதலிய சட்ட நடைமுறைகளோடு அங்கே நடக்கும் நிக்காஹ் செல்லும். வீட்டிலோ, உணவகத்திலோ, வாடகை மண்டபத்திலோ நடக்கும் நிக்காஹ் மட்டும் இருந்தால், அவ்விருவரும் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவியர் அல்லர்!

கிழக்கு லண்டனில் மாலை நேர மத்ரஸா ஒன்றில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருபவன் நான். என் மூத்த சகோதரியும் அங்கேயே வாழ்கின்றார். அவருடைய கணவர் மகள் பள்ளியில் படிக்கும்போதே வஃபாத்தாகிவிட்டார். அந்தத் துயர நாட்களில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய எங்களுக்குக் கை கொடுத்தது ஒரு காகிதம். எங்கள் ஊர் ஜமாஅத் தஃப்தரிலிருந்து எழுதித் தந்த நிக்காஹ் சான்றும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்புமே அது. இந்தியாவில் முறைப்படி நடந்த நிக்காஹ் ஆதலால் இங்கிலாந்தும் அதை ஏற்றது. அவர் சட்டப்படி விதவை என்னும் உரிமையோடு நின்றார்.

மகளுக்கு வரன் அமைந்தது. நல்ல குடும்பம், மார்க்கப் பற்றுள்ள மாப்பிள்ளை. பேச்சு முடிந்து நாள் குறிக்கும் வேளையில் பதிவைப் பற்றி நான் கேட்டேன்.

“நிக்காஹ் நடந்தால் போதாதா ஹஜ்ரத்? பதிவு அலுவலகத்தில் போய் நிற்பது நமக்கு அழகா? அதைப் பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாமே” என்றார் மாப்பிள்ளையின் தந்தையார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நம்மில் பலரும் அப்படித்தான் எண்ணுகின்றோம்.

நான் அவருக்கு ஒரு வழக்கைச் சொன்னேன். 1998இல் லண்டனில் ஓர் உணவகத்தில் நிக்காஹ் நடந்தது. பதிவைப் பின்னர் செய்வதாகப் பேச்சு. அந்தப் பின்னர் வரவேயில்லை. நான்கு குழந்தைகள் பிறந்தன. 2016இல் தம்பதியர் பிரிந்தனர். மனைவி நீதிமன்றம் சென்றார். குடும்ப நீதிமன்றத்தின் நீதிபதி 2018இல் அவருக்கு ஓரளவு ஆறுதலான தீர்ப்பளித்தார். ஆனால் 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த நிக்காஹ் சட்டப்படியான திருமணம் ஆகாது. செல்லாத திருமணம் என்று அறிவித்து அதன்வழிப் பரிகாரம் தரவும் இடமில்லை என்று கூறிவிட்டது. விவாகரத்து பெறும் மனைவிக்குச் சட்டம் அளிக்கும் சொத்துரிமைகளைக் கோரவே வழியில்லாது போயிற்று. கணவன் மரண சாசனம் எழுதாமல் இறந்தாலும் இதே நிலைதான். மனைவி என்ற முறையில் வாரிசுரிமை அவளுக்குத் தானாக வராது.

அதுவரை பேசாதிருந்த என் சகோதரி மெதுவாகச் சொன்னார்: “தம்பி, நம்ம ஊர் தஃப்தர் எனக்கு இருந்துச்சு. என் மகளுக்கு இங்கே எந்தத் தஃப்தர் இருக்கு?”

அவையில் சற்று நேரம் அமைதி நிலவியது. மாப்பிள்ளைதான் அதைக் கலைத்தார். “பதிவு முதலில், நிக்காஹ் அன்று மாலையே” என்றார். தந்தையாரும் இசைந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

ஏற்பாடுகள் என் தலையில் விழுந்தன. மணமக்கள் இருவரும் அவரவர் வசிக்கும் வட்டாரப் பதிவு அலுவலகத்துக்கு நேரில் சென்று, கடவுச்சீட்டும் முகவரிச் சான்றும் காட்டித் திருமண அறிவிப்புக் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் மணம் என்பதையும் அப்போதே சொல்லியாக வேண்டும். அறிவிப்பு 28 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். எதிர்ப்பு ஏதும் இல்லையெனில் 12 மாதங்களுக்குள் மணம் முடிக்கலாம். மணமக்களில் ஒருவர் வெளிநாட்டவராயின் அந்த 28 நாட்கள் 70 நாட்களாகவும் நீளக்கூடும். ஆகவே மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னரே இதை விசாரித்துக்கொள்வது அறிவுடைமை.

இளையவர்கள் தேர்ந்தெடுத்தது மேரிலபோன் சாலையிலுள்ள பழைய நகர மண்டபம். 1920இல் திறக்கப்பட்ட வெண்கல் கட்டடம். உயர்ந்த தூண்கள், அகன்ற படிகள், இருபுறமும் கற்சிங்கங்கள். இசைக் கலைஞர் பால் மெக்கார்ட்னி 1969இலும் 2011இலும் மணம் முடித்த இடம் இதுதான் என்று பிள்ளைகள் பெருமை பேசினர். எனக்கோ வேறொரு வசதி கண்ணில் பட்டது. 1977இல் கட்டி முடிக்கப்பட்ட, பொன்னிறக் குவிமாடம் கொண்ட ரீஜண்ட் பூங்காப் பள்ளிவாசல் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருந்தது. முற்பகலில் பதிவு, அங்கே லுஹர் தொழுகை, பூங்காவில் சிறிது நேரம், மாலையில் கிழக்கு லண்டனில் நிக்காஹ் என்று திட்டம் அமைந்தது.

படம் பிடிக்கும் பணியையும் நானே ஏற்றேன். கல்லூரிக் காலத்தில் தொற்றிய பழக்கம் அது. மத்ரஸா ஆசிரியர் கையில் கேமராவா என்று சிலர் புன்னகைத்தனர்! பெண்கள் தனியே இருக்கும் படங்களை மணமகளின் தோழி ஒருத்தி எடுப்பது, எந்தப் படமும் குடும்பத்தாரின் இசைவின்றி வாட்ஸ்அப்பில் வெளியே போகக் கூடாது என்ற இரண்டையும் முதலிலேயே பேசி முடித்தோம்.

நெரிசலான அலுவலகத்தில் படம் எடுப்பவனுக்குப் பொறுமையைவிடத் திட்டமே பெரிது. ஒரு மணமக்கள் வெளியேறும்போதே அடுத்தவர் கூடத்தில் காத்திருப்பர். சேலையணிந்த மணமகளும், வெள்ளை நீள அங்கி அணிந்த மணமகளும், ஆப்பிரிக்க வண்ணத் தலைப்பாகையணிந்த மணமகளும் ஒரே வாசலில் எதிர்ப்பட்டதைக் கண்டேன். தாமதமாய் வந்தால் நமது நேரம் அடுத்தவருடையதாகிவிடும். எனவே யார் யாருடன் நிற்க வேண்டும் என்று முந்தைய இரவே சிறு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டேன். பதிவாளரிடம் முன்கூட்டியே கேட்டு, எங்கே நிற்கலாம் என்பதையும் அறிந்துகொண்டேன். கட்டடம் வடக்குப் பார்த்தது. நடுப்பகலிலும் படிகளில் வெயில் முகத்தில் நேராக அடிப்பதில்லை. குடும்பப் படம் தெளிவாக விழுந்தது.

சடங்குக்கு முன் பதிவாளர் மணமகளைத் தனியே அமர்த்தி, உறவினர் எவரும் அருகில் இன்றி, அவளுடைய விவரங்களைக் கேட்டுச் சரிபார்த்தார். வகீலும் சாட்சிகளும் மணமகளின் சம்மதம் கேட்டு வரும் நம் வழக்கம் என் நினைவில் எழுந்தது. பின்னர் அறையில் சில நிமிடங்களே. சமய வழிபாடு எதுவும் அங்கே நடைபெறக் கூடாது என்பது சட்டம். எங்கள் துஆவை மாலைக்கு வைத்துக்கொண்டோம். தடை ஏதும் இல்லை என்று இருவரும் உறுதி கூறினர். ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்கும் சொற்களைச் சொன்னார்கள். பதிவாளர் ஆவணத்தை மேசைமீது விரித்தார்.

1837 முதல் அந்நாட்டுத் திருமணப் பதிவில் மணமக்களின் தந்தையர் பெயர் மட்டுமே எழுதப்பட்டு வந்தது. 2021ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் முதல்தான் தாயார் பெயரும் இடம்பெறுகின்றது. மறைந்த தந்தையின் பெயரோடு, மகளை ஒற்றையாளாக வளர்த்து ஆளாக்கிய என் சகோதரியின் பெயரும் அங்கே இருந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். முதல் சாட்சியாக அவரே கையெழுத்திட்டார். இரண்டாவது சாட்சி யார் தெரியுமா? ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்ன மாப்பிள்ளையின் தந்தையார்தான்! அந்தரங்க விவரங்கள் அடங்கிய ஆவணம் படத்தில் தெரியாதபடி, கையெழுத்திட்ட பின்னர் வெற்றுத் தாளை வைத்து மணமக்களை அமர்த்திப் படம் எடுத்தேன். ஆனால் ஓரத்தில் நின்று நான் எடுத்த சம்பந்திகள் இருவரின் முகமே அன்றைய படங்களில் எனக்கு மிக விருப்பமானது.

மாலையில் என் மருமகளின் நிக்காஹ் இனிதே நடந்தேறியது. மஹரை மாப்பிள்ளை அவையிலேயே கையில் கொடுத்தார். காலையில் நடந்த எதுவும் அந்த நிக்காஹ்வின் மாண்பைக் குறைக்கவில்லை.

கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைத்துச் சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ளுமாறு பணிக்கின்றது நம் மார்க்கம். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை ஓதாதவர் நம்மில் யார்? ஒரு பெண்ணின் வாழ்நாளையே ஒப்படைக்கும் உடன்படிக்கையை எழுதாமல் விடுவது எவ்வாறு பொருந்தும்?

இங்கிலாந்தில் வாழும் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கும் பெற்றோரே! படிப்பையும் வருமானத்தையும் விசாரிக்கும்போது, திருமணம் எங்கே நடக்கப்போகின்றது என்பதையும் விசாரியுங்கள். இந்தியாவில் நடந்தால் நிக்காஹ்வோடு நில்லாது அரசுப் பதிவையும் முடித்துச் சான்றிதழைப் பெண்ணின் கையில் கொடுத்து அனுப்புங்கள். அங்கே நடந்தால், நிக்காஹ்வுக்கு முன்னரே சட்டப்படியான பதிவு நடக்கும் நாளைக் குறித்துக் கேளுங்கள். அழைப்பிதழில் அந்த வேளையையும் அச்சிடுங்கள். பெரியவர்களை அழைத்துச் செல்லுங்கள். நல்ல உடை உடுத்திச் செல்லுங்கள். இரண்டு நல்ல படங்கள் எடுத்து வையுங்கள். ஓடிப்போனவர்களின் இடம் என்ற பழைய எண்ணம் அப்போதுதான் நம் வீடுகளை விட்டு நீங்கும்.

நம் பெண்மக்களின் இல்லறத்தை அல்லாஹ் பரக்கத்தும் பாதுகாப்பும் நிறைந்ததாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.