புதிய பெலன், பழைய இன்ஜின்

தியானப் பகுதி: மத்தேயு 9:16, 17



கடந்த மே மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையின் சகோதரி ஒருவர் ஆலய வாசலில் எனக்காகக் காத்திருந்தார். வளைகுடா நாட்டில் நான்கு ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய அவருடைய மகன், தன் சேமிப்பில் பழைய ஹோண்டா சிட்டி கார் ஒன்றை வாங்கியிருந்தான். அது போதாதென்று, வேகத்துக்காக அதில் ஏதோ ஒரு கேஸ் பாட்டிலைப் பொருத்தப்போகிறானாம். “நீங்கள் சொன்னால் கேட்பான், ஐயா” என்றார் அவர். கணவரை இழந்த அந்தச் சகோதரிக்கு அவன் ஒரே பிள்ளை. திருச்சி நாற்கரச் சாலையில் வேகத்துக்கு இரையான வாலிபர்களின் அடக்க ஆராதனைகளை நான் நடத்தியிருக்கிறேன். ஆகையால் அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அந்தத் தம்பியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கண்டிக்கும் எண்ணத்தோடுதான் போனேன். ஆனால் திடப்படுத்தல் வகுப்பில் என்னிடம் பாடம் கேட்ட பிள்ளை, அன்று காரின் பானட்டைத் திறந்துவைத்து எனக்குப் பாடம் நடத்தினான். அது 1.5 லிட்டர் வீடெக் இன்ஜின். புதிதாக இருந்தபோது சுமார் 106 குதிரைத்திறன். “ஒரு பட்டனை அழுத்தினால் இன்னும் ஐம்பது கூடும், ஐயா. இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்து அவ்வளவு வாங்க வேண்டுமானால் மாதக்கணக்கில் ஆகும், பணமும் பல மடங்கு ஆகும்” என்றான். அவன் கணக்கு பொய்யில்லை. செலவழிக்கும் ரூபாய்க்குக் கிடைக்கும் குதிரைத்திறனை மட்டும் பார்த்தால், பாட்டில்தான் ஜெயிக்கும்.

அந்தப் பாட்டிலில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு. 1772-இல் இதை முதன்முதலில் தயாரித்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. அவர் இங்கிலாந்தில் ஒரு சபையின் போதகராகவும் இருந்தவர். 1844-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரேஸ் வெல்ஸ் இந்த வாயுவைச் சுவாசித்துத் தம் பல்லை வலியின்றிப் பிடுங்கச் செய்தார். இரண்டாம் உலகப் போரில், காற்று மெலிந்த உயரங்களில் தங்கள் விமான இன்ஜின்கள் சோர்ந்துபோகாதபடி ஜெர்மானியர் இதைப் பயன்படுத்தினர்.

இந்த வாயு தானாக எரிவதில்லை. இன்ஜினுக்குள் சுமார் 300 டிகிரி வெப்பத்தில் இது பிரிந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. காற்றின் எடையில் ஏறக்குறைய 23 சதவீதம் ஆக்சிஜன். இந்த வாயுவில் அது 36 சதவீதம். ஆக்சிஜன் மிகுந்தால் மிகுதியான பெட்ரோலை எரிக்கலாம். அப்பொழுது பிஸ்டனின்மேல் விழும் அழுத்தமும் கூடுகிறது. அந்தக் கூடுதல் பெட்ரோல் சரியான அளவில் வந்துசேராவிட்டால் வெப்பம் எல்லை மீறி, பிஸ்டனே உருகும். தொடர்ந்து திறந்துவைத்தால் பாட்டில் சில நிமிடங்களில் காலியாகிவிடும்.

எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லும் அறிவு இல்லை. ஆகவே கரந்தையில், வடவாற்றுக்கு அருகே பட்டறை வைத்திருக்கும் நம் சபை மூப்பர் ஒருவரிடம் மறுநாள் அவனை அழைத்துச் சென்றேன். நாற்பது ஆண்டுகளாக இன்ஜின்களோடு வாழ்கிறவர். “அண்ணே, இந்தத் தம்பிக்கு நீங்களே சொல்லுங்கள்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துவாரங்களில் ஒவ்வொன்றாக ஒரு மீட்டரைப் பொருத்தி, அவனையே இன்ஜினைச் சுழற்றச் சொன்னார். மூன்று சிலிண்டர்களில் முள் 180-ஐ ஒட்டி நின்றது. நான்காவதில் 120-ஐத் தாண்டவில்லை.

பின்பு அந்த நான்காவது சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடியும் சுழற்றச் சொன்னார். முள் 160-க்கு ஏறியது. தம்பியின் முகம் மலர்ந்தது. “சரியாகிவிட்டதா, அண்ணே?” என்றான். “இல்லை தம்பி. ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த இடைவெளியை எண்ணெய் கொஞ்ச நேரத்துக்கு அடைத்திருக்கிறது. எண்ணெய் விட்டும் முள் ஏறாமல் இருந்திருந்தால் வால்வைச் சந்தேகப்பட்டிருப்பேன். இதற்கு முன் வைத்திருந்தவர் ஆயிலைக் காலத்தில் மாற்றவில்லை போலிருக்கிறது” என்றார். ஓடிக்கொண்டிருந்தபோது வெளியே எதுவும் தெரியாத கார் அது. சத்தம் இனிமையாகவே இருந்தது.

“இதில் பாட்டிலைப் போட்டால் என்ன ஆகும்?” என்று நான் கேட்டேன். அவர் பட்டறைக்குப் பின்னால் வறண்டு கிடந்த ஆற்றைக் காட்டினார். “ஜூன் 12-இல் மேட்டூரைத் திறக்க வேண்டுமென்று நாமெல்லாம் கேட்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் வாய்க்காலைத் தூர்வாரி, கரையைக் கட்டி, மதகைப் பழுதுபார்க்க வேண்டாமா? தண்ணீர் பொல்லாதது இல்லை, ஐயா. கரை எங்கே இளைத்திருக்கிறதோ அங்கே அது உடைத்துக்கொண்டு போகும். கடைமடைக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது.”

பிறகு அவனுக்கு வேலையை விளக்கினார். இன்ஜினை இறக்க வேண்டும். சிலிண்டர்களை லேத்தில் கொடுத்துப் போர் செய்து, அதற்கேற்ற அளவில் புதிய பிஸ்டனும் ரிங்கும் போட வேண்டும். வால்வுகள் தம் இருக்கையில் கசிவின்றி அமரும்படி தேய்க்க வேண்டும். ஹெட்டின் பாதைகளைச் சீராக்கினால் காற்று தடையின்றி உள்ளே வரும். இத்தனையும் செய்தால் கூடுதலாகக் கிடைப்பது சில குதிரைத்திறனே. ஆனால் அது நாள்தோறும் இருக்கும். எந்தப் பட்டனையும் அழுத்த வேண்டியதில்லை. “பந்தயத்துக்காக நைட்ரஸ் போடுகிறவர்களும் முதலில் இன்ஜினைத்தான் உறுதியாகக் கட்டுகிறார்கள். அந்த அடியைத் தாங்குவதற்கு ஃபோர்ஜ் செய்த பிஸ்டனைப் போடுகிறார்கள். பாட்டில் கொடுப்பது அடியை மட்டும்தான் தம்பி. தாங்கும் பெலனை அது கொடுக்காது” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை தம்பிக்குச் சொல்லப்பட்டது. ஆனால் அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சபையில் ஊழியம் செய்தேன். ஞாயிறுதோறும் பாதி ஆலயம் வெறுமையாயிருக்கும். அது எனக்கு வெட்கமாயிருந்தது. கடன் வாங்கிப் பந்தலும் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்து, வெளியூர்ப் பிரசங்கியாரை அழைத்து, மூன்று இரவுகள் எழுப்புதல் கூட்டம் நடத்தினேன். மூன்றாம் இரவில் அநேகர் கண்ணீரோடு முன்வந்தார்கள். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் இடமில்லை. என் உள்ளம் பெருமையால் நிறைந்தது.

அந்தச் சபையின் நிலை எனக்குத் தெரியாததல்ல. மூப்பர்களின் இரண்டு குடும்பங்கள் ஒரு நிலத் தகராறில் ஆண்டுக்கணக்காய்ப் பேசாமல் இருந்தன. அவர்களை ஒப்புரவாக்க நான் ஒருநாளும் முயலவில்லை. புதிதாய் வந்தவர்களின் வீடுகளைச் சந்திக்க ஆளில்லை. அவர்களுக்கு வேதம் கற்றுக்கொடுக்க ஒருவரையும் நான் ஆயத்தப்படுத்தவில்லை. கூட்டத்தின் கடனை யார் அடைப்பது என்ற கேள்வி எழுந்தபோது பழைய பகை வெடித்தது. புதியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் வருமுன் அவர்கள் போய்விட்டார்கள். பழைய குடும்பங்களில் மூன்றும் அவர்களோடு போயின. நீண்ட காலம் நான் அந்தப் பிரசங்கியாரையும் அந்த ஊர் மக்களையும் குறைகூறி வந்தேன். ரிங் தேய்ந்திருந்தது, அதை அறிந்தும் பாட்டிலைத் திறந்தவன் நான்.

நம் ஆண்டவர் புதிய திராட்சரசத்தையும் பழைய துருத்தியையும் பற்றிச் சொன்ன உவமையை, பட்டறையிலிருந்து வந்தபின் மீண்டும் வாசித்தேன். துருத்தி என்பது ஆட்டுத் தோல். புளிக்கும் ரசத்திலிருந்து வாயு எழும்பி உள்ளிருந்து அழுத்தும். புதிய தோல் அதற்கு ஈடுகொடுத்து விரியும். ஏற்கெனவே விரிந்து காய்ந்துபோன தோல் கிழியும். ஆண்டவர் ரசத்தைக் குறை சொல்லவில்லை. ரசமும் துருத்தியும் இரண்டும் காக்கப்பட வேண்டும் என்பதே அவருடைய அக்கறை. அந்த அக்கறை கிராமத்தில் எனக்கு இல்லாமற்போயிற்று. தம்பியிடம் மறுநாள் இதை அப்படியே சொன்னேன். கண்டிப்பதற்காக நான் ஆயத்தம்பண்ணி வைத்திருந்த வார்த்தைகளைச் சொல்ல மனம் வரவில்லை.

இரண்டு காரியங்களை மட்டும் அவனுக்குத் தெளிவாகச் சொன்னேன். நம் வாலிபர் எல்லோருக்கும் அதையே சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. அரசின் அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவதும் குற்றம். அந்தச் சாலையில் பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள்.

வேகத்தை நேசிப்பது பாவமென்று நான் சொல்லவில்லை. நம் மூப்பரே வாலிபத்தில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைக் காண இரவு பஸ் ஏறிச் சென்றவர். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், சாதாரண மாருதி 800-இன் இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை உருவாக்கியதை இன்றும் வியப்போடு சொல்வார். நரேன் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்வைத் தொடங்கியது அப்படிப்பட்ட காரில்தான். இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் அதற்கென்றே பந்தயத் தளங்கள் உண்டு.

தம்பி இன்ஜினை இறக்கினான். ஏழு வாரங்கள் ஆயின. அநேக நாட்கள் அவனும் பட்டறையில் மூப்பரோடு அமர்ந்து, வால்வு தேய்க்கக் கற்றுக்கொண்டான். வடவாற்றில் தண்ணீர் வந்திருந்த ஒரு காலையில் இன்ஜினை மறுபடியும் ஓட்டினார்கள். நான்கு சிலிண்டர்களிலும் முள் ஒரே இடத்தில் நின்றதாம். ஆலயத்துக்கு ஓடிவந்து அதை எனக்குச் சொன்னான். பாட்டில் ஆசை முற்றிலும் போய்விட்டதா என்று கேட்டேன். “என்றைக்காவது டிராக்கில் ஓட்டினால் பார்க்கலாம், ஐயா” என்று சிரித்தான். அவன் தாமதித்து வரும் இரவுகளில் அவனுடைய தாயார் இன்னும் வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருக்கிறார். அவர்களுக்காக நீங்களும் ஜெபியுங்கள்.

அன்பானவர்களே, இந்த வாரம் கர்த்தரிடத்தில் பெலனைக் கேட்கும்போது, எந்த இடத்தில் நாம் தேய்ந்திருக்கிறோம் என்பதையும் காட்டும்படி கேட்போம். பேசாமல் இருக்கும் ஒரு சகோதரனோடு பேசுவது அதற்குத் தொடக்கமாயிருக்கலாம்.

அந்தக் கிராமத்தைவிட்டு நான் மாற்றலாகி வந்த பிறகு, அந்த இரண்டு குடும்பங்களையும் ஒருநாளும் சந்திக்கவில்லை. அடுத்த மாதம் போவதாக இருக்கிறேன். எனக்காகவும் ஜெபியுங்கள்.

பரலோகப் பிதாவே, நீர் தரும் பெலனைத் தாங்கும்படி எங்களை உள்ளிருந்து சீர்ப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.