எண்ணெய் வளமும் எதேச்சாதிகாரமும்

செல்வம் ஓர் அமானிதம் என்பர் நம் பெரியோர். ஒரு நாட்டின் மண்ணுக்கடியில் கிடக்கும் எண்ணெய் அந்நாட்டு மக்கள் அனைவருக்கும் உரிய அமானிதமாகும். அது, கேள்வி கேட்பாரற்ற ஒருவரின் கைக்குள் போய்விடுமாயின், அதனால் விளையும் கேடு அந்நாட்டு எல்லையோடு நிற்பதில்லை. கடல் கடந்து, நம் வில்லியனூர் சுல்தான்பேட்டையின் அடுப்படிவரை வந்து சேர்கிறது. 1990ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்த பாடம் இதுவே.

ஈராக் 1972இல் தன் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. அவ்வருவாயால் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகின. 1979இல் அதிபரான சத்தாம் ஹுசைனோ அரபுலகின் தலைமையை நாடினார். 1980 முதல் 1988 வரை ஈரானுடன் நடத்திய போரில் இரு தரப்பிலும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 1988 மார்ச்சில் ஹலப்ஜா நகரின் குர்து மக்கள் ஆயிரக்கணக்கில் நச்சுப் புகைக்கு இரையாயினர். போர் முடிந்தபோது கருவூலத்தில் மிஞ்சியது கடனே. கடன் கொடுத்தோருள் ஒன்றான குவைத்தை 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் அவர் படை கைப்பற்றியது. அம்மாத இறுதிக்குள் அது ஈராக்கின் 19ஆவது மாகாணம் என அறிவிக்கப்பட்டது.

அங்கே அப்போது ஏறத்தாழ 1,70,000 இந்தியர் இருந்தனர். குவைத் தினார் மதிப்பிழந்தது. பல்லாண்டுச் சேமிப்பு வெறுங் காகிதமாயிற்று. பாலைவழியே ஜோர்தான் சென்று, கூடாரங்களில் வாடி, அம்மான் நகரிலிருந்து தாயகம் திரும்பினர் பெரும்பாலோர். அவர்களை அழைத்துவர ஏர் இந்தியா 488 முறை பறந்தது.

பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய 'சொல்தா'க்களின் ஓய்வூதியம் சில வீடுகளைத் தாங்கியது போல, அரபு நாட்டுச் சம்பாத்தியம் வேறு சில வீடுகளைத் தாங்குவது நம் புதுவை மண்ணின் இயல்பு. வில்லியனூராயினும் பாகூராயினும், நகையை அடகு வைத்து விசா வாங்கி அனுப்பப்பட்டவர் கைப்பையோடு திரும்பினால், அவ்வீட்டில் பாதியில் நிற்பது சுவர் மட்டுமா? மகளின் நிக்காஹும் அன்றோ!

நாட்டின் நிலையும் அவ்வீட்டின் நிலையாகவே ஆயிற்று. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை இரு மடங்குக்கு மேல் ஏறியது. வளைகுடாவிலிருந்து வரும் பணம் குறைந்தது. முன்பே தளர்ந்திருந்த அந்நியச் செலாவணி இருப்பு மேலும் கரைந்தது. 1991 ஜூலையில் இந்தியா ஏறத்தாழ 47 டன் தங்கத்தை அயல்நாட்டு வங்கிகளிடம் ஈடு வைத்தது.

ஆயினும் நம்மவருள் சிலர் சத்தாமை மாவீரராகக் கொண்டாடினர். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டினர். வல்லரசை எதிர்த்தார் என்பதே காரணம். வல்லரசுகளின் அநீதியை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஈரானுக்கு எதிராக அவருக்குத் துணைநின்றவை அவையே. 1990இல் விதித்த பொருளாதாரத் தடையால் ஈராக்கின் குழந்தைகள் வாடினர். பேரழிவு ஆயுதம் உண்டென்று கூறி 2003இல் படையெடுத்தவர்கள் அதனைக் கண்டெடுக்கவே இல்லை. ஆனால் ஒருவர் செய்த அநீதி மற்றொருவரின் அநீதியை நீதியாக்கிவிடுமா? நச்சுப் புகையில் மடிந்த குர்துகள், போரில் மாண்ட ஈரானியர், வீடிழந்த குவைத்தியர் ஆகியோரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களே அல்லவா!

இழப்பீடு வந்தது உண்மை. குவைத்திலிருந்து வெளியேறியோர்க்கும் பிறர்க்கும் ஐ.நா. ஆணையத்தின் வழியே 5,240 கோடி டாலர் வழங்கப்பட்டது. இறுதித் தவணை 2022இல் செலுத்தப்பட்டது. அத்தனையும் ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து எடுத்த பணம். சத்தாம் 2006இலேயே தூக்கிலிடப்பட்டுவிட்டார். அவர் வைத்த கடனை அடைத்தவர்கள், 1990இல் பிறந்தேயிராத ஈராக்கியப் பிள்ளைகளும்தாம்.

இன்றும் நம் இளைஞர் வளைகுடாவுக்குச் செல்கின்றனர். எந்தத் தலைவரின் முழக்கம் கேட்டாலும் அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். நம் பள்ளிவாசலின் சிறு உண்டியலுக்கும் முத்தவல்லியிடம் ஜமாஅத் கணக்குக் கேட்கிறது. ஒரு நாட்டின் எண்ணெய் முழுவதையும் கையில் வைத்திருப்பவரிடம் அந்நாட்டு மக்கள் கணக்குக் கேட்க முடிகிறதா? முடியாதெனில், அவர் எவர் பெயரால் பேசினாலும் அஞ்சத் தக்கவரே.