காமகூராவில் ஒரு பகற்பொழுது

டோக்கியோவில் ரயில் ஏறித் தெற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிரயாணம் செய்தால் காமகூரா என்னும் சிறு நகரத்தை அடையலாம். மூன்று புறமும் மலை; நாலாவது புறம் கடல். உள்ளே வருவதற்கு அக்காலத்தில் மலையைக் குடைந்து வெட்டிய குறுகிய கணவாய்களே இருந்தன. கோட்டை கட்டாமலே கோட்டையாக அமைந்துவிட்ட இடம் இது. மினமோட்டோ யோரிடோமோ என்ற வீரர் தலைவன் 1180-ல் இங்கே வந்து தங்கினான். 1192-ல் ‘ஷோகன்’ என்ற சேனாதிபதிப் பட்டம் பெற்றான். சக்கரவர்த்தி கியோட்டோவில் சகல மரியாதைகளுடன் வீற்றிருந்தார். அதிகாரமோ காமகூராவுக்கு வந்து சேர்ந்தது.

அந்த அதிகாரத்தின் அஸ்திவாரம் நிலம். தலைவன் வீரனுக்கு ஜாகீர் அளிப்பான். வீரன் தலைவனுக்காக வாளேந்திப் போர் புரிவான். எல்லைத் தகராறுகளும் வாரிசு வழக்குகளும் நேர்ந்தால் தீர்ப்பதற்கென்று 1232-ல் 51 விதிகள் கொண்ட ஒரு சட்டமும் ஏற்பட்டது. யோரிடோமோவின் வம்சம் 1219-ல் அற்றுப்போகவே, அவன் மனைவி மஸாகோவின் பிறந்தகமாகிய ஹோஜோ குடும்பத்தார் ஷோகனின் பிரதிநிதிகள் என்ற பெயரால் ஆட்சி நடத்தினார்கள்.

நாம் நகரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னதாகவே இறங்கிக்கொண்டோம். இறங்கிய இடத்திலேயே எங்காகுஜி என்ற ஆலயம் இருக்கிறது. ரயில் பாதையே ஆலயத்தின் எல்லைக்குள் புகுந்துதான் செல்கிறது! வானளாவிய மரங்களின் நிழலில் படியேறிச் சென்றால் ரயிலின் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கிவிடுகிறது. செங்குத்தான படிகளின் உச்சியில் 1301-ல் வார்த்த பெரிய மணி ஒன்று தொங்குகிறது. அதன் அருகில் அமர்ந்து இந்த ஆலயம் எழுந்த வரலாற்றை நினைத்துப் பார்த்தோம்.

மங்கோலியப் பேரரசன் குப்லாய் கான் ஜப்பானைப் பணியச் சொல்லித் தூதர்களை அனுப்பினான். அப்போது ஆட்சி புரிந்த ஹோஜோ டோகிமுனே இளைஞன். 1275-ல் வந்த தூதர்களைச் சிரச்சேதம் செய்யும்படி உத்தரவிட்டவன் அவனே. மங்கோலியப் படைகள் 1274-லும் 1281-லும் கப்பல்களில் திரண்டு வந்தன. இரண்டாம் முறை பெரும் புயலில் கப்பல்கள் சிதறி, எண்ணற்றவர் கடலில் மாண்டனர்.

மறு ஆண்டு, 1282-ல், டோகிமுனே இந்த ஆலயத்தை எழுப்பினான். வெற்றியைக் கொண்டாடுவதற்கு அல்ல. போரில் இறந்தவர்களின் ஆன்மா சாந்தியடைய வேண்டும் என்பதற்காக. தன் வீரர்களுக்கு மட்டுமா? இல்லை, படையெடுத்து வந்து மாண்ட பகைவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆலயத்தின் முதல் குருவாக அமர்ந்தவர் மூகாகு ஸோகென் என்ற சீனத் துறவி. அவருடைய தேசத்தையே மங்கோலியர்கள் அழித்தார்கள். ஒரு சமயம் அவர் கழுத்துக்கு நேராகவும் வாளை ஓங்கினார்கள். அவரே அந்த மங்கோலியர்களுக்காகவும் பிரார்த்தனை செய்தார்.

ரயில் பாதையைக் கடந்து சற்றுத் தூரம் நடந்தால் டோகெய்ஜி என்ற சிறு ஆலயம் வருகிறது. டோகிமுனே 1284-ல் இளம் வயதிலேயே காலமானான். துறவு பூண்ட அவன் மனைவி 1285-ல் நிறுவியது இது. கணவனின் கொடுமை தாங்காமல் ஓடிவரும் பெண்களுக்கு இது புகலிடமாயிற்று. வாசலுக்குள் கால் வைத்துவிட்டால் துரத்தி வந்தவன் திரும்பிப் போகவேண்டியதுதான். பிற்காலத்தில், சில ஆண்டுகள் இங்கே தங்கிய பெண்ணுக்கு விவாக விடுதலையும் கிடைத்தது. வாளே பேசிய சமுதாயத்தில் இப்படியும் ஒரு வாசல் இருந்ததே என்று வியந்து நின்றோம்.

மங்கோலியரை விரட்டியவர்கள் பிறகு நெடுங்காலம் வாழ்ந்தார்களா என்றால், அதுவும் இல்லை. வெளியிலிருந்து வந்த பகைவனை வென்றதால் புதிதாக ஒரு காணி நிலமும் கிடைக்கவில்லை. போரிட்டவர்களுக்கு ஜாகீர் கொடுக்க வழியில்லை. கடன்பட்டு நொந்த வீரர்களின் விசுவாசம் தளர்ந்தது. 1333-ல் நகரம் வீழ்ந்தது. ஹோஜோ குடும்பத்தார் தங்கள் குல ஆலயமான டோஷோஜியில் கூட்டமாக உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மாலையில் அந்த இடத்துக்குப் போனோம். ஆலயம் இல்லை, மலையடிவாரத்தில் புல் மண்டிய வெற்று நிலம் மட்டுமே இருக்கிறது.

சரித்திர பாடம் நடத்தும்போது எந்தப் போரைச் சொன்னாலும் பிள்ளைகள், “யார் ஸார் ஜெயித்தது?” என்றுதான் முதலில் கேட்பார்கள். நாமும் பெயரையும் ஆண்டையும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவோம். இனி அந்தக் கேள்வி வரும்போது, செத்துப்போன பகைவனுக்காகக் கட்டிய அந்த ஆலயத்தைப் பற்றியும் ஐந்து நிமிஷம் பேசுவது என்று திரும்பும் ரயிலில் தீர்மானித்துக்கொண்டோம். பரீட்சையில் அதற்கு மார்க் கிடையாது. ஆனாலும் பேசத்தான் போகிறோம்.