அறுத்த பிளேடு... நறுக்கும் கத்தி!

சமையலறையில் விரலைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் கூரான கத்தி அல்ல; மழுங்கிய கத்திதான். கூராக இருந்தால் தக்காளித் தோலில் தானாக இறங்கிவிடும். மழுங்கியிருந்தால் அழுத்த வேண்டும். அழுத்தினால் வழுக்கும். வழுக்கினால் விரல்தான்.

கோவை கணபதியைச் சேர்ந்த அந்த ஓய்வுபெற்ற லேத் டர்னர், கத்தி செய்ய உட்கார்ந்ததற்குக் காரணமும் அந்த 'அழுத்தம்'தான். அவர் மனைவிக்கு மூட்டுவாதம். நாலு கேரட் நறுக்குவதற்குள் இரண்டு முறை கத்தியைக் கீழே வைத்து மணிக்கட்டை நீவிக்கொள்வார்.

"நான் அரிஞ்சு தர்றேன் அம்மிணி" என்று கணவர் கை நீட்டினால், "வேண்டாமுங்க... இதையும் விட்டுட்டா அப்புறம் என் கைக்கு என்னதான் வேலை?" என்று மறுத்துவிடுவார்.

அவருக்கு உதவி தேவைப்படவில்லை. அழுத்தாமல் வெட்டும் ஒரு கத்திதான் தேவைப்பட்டது. கடையில் வாங்கியவை சில வாரங்களிலேயே மழுங்கின. அப்போதுதான், 34 வருடங்கள் லேத்தில் நின்ற கணவருக்கு, தான் தினமும் கையாண்ட இரும்பு ஞாபகத்துக்கு வந்தது. ஹெச்.எஸ்.எஸ்... அதாவது ஹை ஸ்பீடு ஸ்டீல்!

சிவந்தாலும் மழுங்காத இரும்பு

சாதாரண கார்பன் ஸ்டீலை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால், அதன் கடினம் குறையத் தொடங்கும். ஹெச்.எஸ்.எஸ். கிட்டத்தட்ட 600 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில் பிரெடெரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் உருவாக்கிய இந்த வகை உளி, 1900-ல் பாரீஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. முனை சிவக்கச் சிவக்க அது இரும்பைச் சீவியதைக் கண்டு, வந்தவர்கள் அசந்துபோனார்கள்.

இன்று அதிகம் புழங்கும் 'எம்2' ரகத்தில் டங்ஸ்டன் சுமார் 6 சதவிகிதம், மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2 சதவிகிதம் இருக்கும். இந்தக் கலவைதான் அதன் பலம். இரும்புத் தண்டுகளை அறுக்கும் பெரிய ஆக்ஸா பிளேடுகள் பலவும் இந்த வகை இரும்பில் செய்யப்படுபவைதான். பல் தேய்ந்ததும் அவை காயலான் கடைக்கு எடைக்குப் போய்விடும்.

பொறி சொல்லும் ரகசியம்

காயலான் கடையில் கிடைக்கிற எல்லா பிளேடும் கத்தியாகிவிடாது. இப்போது வரும் பலவற்றில் பல் விளிம்பில் மட்டும்தான் ஹெச்.எஸ்.எஸ். இருக்கும், முதுகு வளையக்கூடிய வேறு ஸ்டீல். பல்லைத் தேய்த்து எடுத்தால், நல்ல இரும்பும் அதோடு போய்விடும்.

அதைக் கண்டுபிடிக்க அவர் இரண்டு சோதனைகள் வைத்திருக்கிறார். முதலில், பிளேடின் முதுகில் அரத்தால் ஒரு இழுப்பு. அரம் கடித்தால் அது கலப்பு பிளேடு. கண்ணாடியில் இழுத்ததுபோல வழுக்கினால் முழு ஹெச்.எஸ்.எஸ்.

அடுத்து கிரைண்டர். கார்பன் ஸ்டீல் மத்தாப்புபோல மஞ்சளாகப் பூத்துச் சிதறும். ஹெச்.எஸ்.எஸ். பொறி மங்கலான சிவப்பில், அதிகம் பூக்காமல் அடங்கிவிடும்.

வழக்கமாகக் கத்தி செய்கிறவர்கள் இரும்பைக் காய்ச்சி, அடித்து, எண்ணெயில் முக்கிப் பதப்படுத்துவார்கள். இதில் அந்த வேலை தொழிற்சாலையிலேயே முடிந்திருக்கும். பல்லை எடுத்து, வடிவம் கொடுத்து, தீட்டினால் போதும். ஆனால், பொறுமை வேண்டும். சூடேறிய பிளேடைச் சட்டென்று தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். சாதாரண டிரில் பிட் இதில் இறங்காது. அதனால் பிளேடின் ஓரத்தில் ஏற்கெனவே இருக்கும் துளையிலேயே பித்தளை ரிவெட் அடித்து, பூவரசங்கட்டையில் பிடி போட்டார். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மாஸ்க்கும் போடாமல் அவர் கிரைண்டர் பக்கமே போவதில்லை.

உடைந்தது கத்தி மட்டுமல்ல

முதல் கத்தி அழகாக வந்தது. நீளமாக, மெல்லியதாக. நியூஸ் பேப்பரைக் காற்றில் பிடித்து இழுத்தால் சத்தமில்லாமல் கிழித்தது. "பூ மாதிரி இறங்குதுங்க" என்று மனைவி முகம் மலர்ந்தார்.

பத்து நாள் கழித்து அரசாணிக்காய் வெட்டினார். பாதியில் கத்தி மாட்டிக்கொண்டது. எல்லோரும் செய்வதுபோல லேசாகத் திருகினார். 'டக்'கென்று உடைந்து, முனை பறந்துபோய் அடுப்புக்குப் பின்னால் சுவரில் அடித்தது. யாருக்கும் காயமில்லை. "கையில படலீங்க, விடுங்க" என்று மனைவி சமாதானம் சொன்னார். கணவரால் அப்படி விட்டுவிட முடியவில்லை. பேத்தி வழக்கமாக நிற்கிற இடம் அது.

"லேத்துல டூலை இறுக்கிப் பிடிச்சிருப்போம், அசையாதுங்க. அடுப்படியில கை திருகும், சாய்க்கும், நெம்பும். கெட்டியா இருக்கறதும் உடையாம இருக்கறதும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்" என்கிறார். கடினம் கூடக் கூட, வளைந்து கொடுக்கும் குணம் குறையும். இத்தனை வருடம் இரும்போடு பழகியவருக்கு, அதைச் சொல்லிக்கொடுத்தது ஓர் அரசாணிக்காய்.

மறுபடியும் பரீட்சை

இரண்டாவது கத்தியை மனைவியிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். அலகு நாலே இன்ச். முதுகைத் தேய்க்காமல் முழுத் தடிமனோடு விட்டார். விளிம்பை முன்பைவிடக் கொஞ்சம் அகலக் கோணத்தில் தீட்டினார். "பிடி குண்டா இருக்கட்டுங்க. ஒல்லியா இருந்தா விரலை ரொம்ப மடக்க வேண்டியிருக்கு, அதுதான் வலிக்குது" என்றார் மனைவி. பிடி இரண்டு மடங்கு பருமனானது.

பிறகு சோதனை. கெட்டியான தேங்காய்நார்க் கயிற்றை வரிசையாக வெட்டினார். கடைக் கத்தி பாதியிலேயே கயிற்றைக் கடிக்க ஆரம்பித்தது. இது கடைசி வரை வெட்டியது. அதே கத்தியால் உடனே பழுத்த தக்காளியை அழுத்தாமல் நறுக்கிப் பார்த்தார். அடுத்து, சாக்குத் துணியைச் சுற்றி வைஸில் பிடித்து, பக்கவாட்டில் மெதுவாக அழுத்தினார். நின்றது. அப்படியும் கொடுத்துவிடவில்லை. ஒரு மாதம் வீட்டுக் காய்களை அவரே நறுக்கினார். அந்த மாதம் மட்டும் மனைவி விட்டுக்கொடுத்தார்.

இதில் குரோமியம் 4 சதவிகிதம்தான். எவர்சில்வர் என்று சொல்ல 10.5 சதவிகிதமாவது இருக்க வேண்டும். அதனால் எலுமிச்சையோ புளியோ பட்டால் கறுக்கும், ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். கழுவி, துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைப்பது மனைவியின் பொறுப்பு.

விஷயம் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தில் கத்தி கேட்டு வருகிறார்கள். விலை பேசும் முன் அவர் கேட்பது ஒன்றுதான்: "எதை வெட்டறதுக்குங்க?" காய், பழம் என்றால் செய்து தருகிறார். கறி எலும்பு, தேங்காய் என்றால் நல்ல வெட்டுக்கத்தி விற்கும் கடைக்கு வழி சொல்லி அனுப்பிவிடுகிறார்.

மனைவி இப்போது ஒரு கிலோ பீன்ஸை நடுவில் கையை நீவாமல் அரிந்து முடிக்கிறார். அரசாணிக்காய்க்கு மட்டும் அந்த வீட்டில் பழைய அரிவாள்மனைதான்.